பத்தாவது தேசிக்காய்

“ஒருக்கா ஏறிப் பாரும், மலர். பார்த்திட்டு வேண்டாமெண்டு சொல்லும்.”

“நிண்டுகொண்டு இருக்கேக்கை எல்லாம் வடிவுதான். ஓடேக்கை என்ன செய்யும் எண்டதுதான் கதை.”

மவுண்ட் வெல்லிங்டனில், வண்டிகளை வாடகைக்கு நிறுத்திவைக்கும் வளவின் மூலையில், மகேசன் புதிதாக வாங்கிய ஃபிஃப்த் வீலர் என்ற சக்கர வீடு முன்கால்களை ஊன்றி நின்றது. கிளென்ஃபீல்டில் அவர்களுடைய வீட்டுப் பாதை செங்குத்து. அங்கே இந்தச் சக்கர வீடு ஏறாது.

இதற்கு முன்பு இருந்தது காரவன். காரின் பின் பம்பரில் உருண்டையில் மாட்டி இழுப்பது. போன தை மாதம், ஊருக்குத் தெற்கே உள்ள பொம்பே மலை இறக்கத்தில் ஒரு லொறி பக்கத்தால் விசுக்கென்று கடந்ததும், அந்தக் காரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. இடம், வலம், இடம். மகேசன் எப்படியோ பிடித்து ஓரங்கட்டினார். பக்கத்தில் இருந்த மனைவி இராசமலர், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சொன்னாள்:

“இனி நீங்கள் தனியப் போங்கோ.”

இரண்டு தரம் தனியப் போனார். இரண்டு தரமும் பழக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றினார். திரும்பி வந்து காரவனை விற்றார். இதையும், இதை இழுக்க யூட் என்ற திறந்த பின்தட்டு வண்டியையும் வாங்கினார்.

“இது வாலைப் பிடிச்சு இழுக்கிற விளையாட்டில்லை, மலர். யூட்டின்ரை முதுகிலயே வீட்டின்ரை கழுத்து வந்து குந்துது. பாரம் பின்சில்லுக்கு நேர மேலை. ஆட்டம் வராது.”

“வண்டிப் பூசைக்குத்தான் வந்தனான். ஏறுறதைப் பற்றிப் பிறகு பாப்பம்.”

அவ்வளவுதான் அவள் கொடுத்த வாக்கு. ஆனால் அவளுடைய காரின் டிக்கியில் அவளது சின்னப் பயணப் பை கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

பூசைக்குப் பொறுப்பு பக்கத்து வீட்டுச் சுந்தரமூர்த்தி. மதுரைக்காரர், கணினி வேலை, கைபேசியில் பஞ்சாங்கம்.

“அண்ணே, ஒன்பதரை வரைக்கும்தான் நல்ல நேரம். ஆமா, சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“நீ தேங்காயைப் பார், மூர்த்தி. வண்டியை நான் பாக்கிறன்.”

யூட்டின் திறந்த பின்தட்டில் ஒரு கனத்த இரும்புத் தட்டு. அதன் நடுவில் வாய் மாதிரி இரண்டு தாடைகள். வீட்டின் கழுத்தடியில் தொங்கும் இரும்பு முளை அந்த வாய்க்குள் போனதும் தாடைகள் கவ்விக்கொள்ளும். மகேசன் மெல்லப் பின்னுக்கு வந்தார். டொக் என்றது. தாடைகளைப் பூட்டும் கைபிடி உள்ளே போனதாகத்தான் தெரிந்தது. யூட் நின்ற கையோடு மூர்த்தி ஓடி ஓடிச் சில்லுகளுக்கடியில் தேசிக்காய்களை வைத்து முடித்தார்.

கொழுவின பிறகு, கால் ஊன்றியிருக்கும்போதே, ஒருக்கா முன்னுக்கு இழுத்துப் பார்க்கவேண்டும் என்று விற்றவன் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். மகேசன் அதை மறக்கவில்லை. ஆனால் இப்போது இழுத்தால் பூசைக்கு முன்பே காய் நசுங்கிவிடும். அதனால் விட்டுவிட்டார்.

கற்பூரம் காட்டியாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. மகேசன் வீட்டின் முன்கால்களைத் தூக்கும் பொத்தானில் விரலை வைத்தார்.

“நில்லுங்கோ.”

“என்ன, மலர்?”

“ஒரு காய் குறையுது.”

மூர்த்தி சிரித்தார். “எலுமிச்சம்பழம்தானே அக்கா? எங்கயாவது உருண்டு போயிருக்கும்.”

“பின்வளவு மரத்தில எண்ணிப் பத்துப் பிடுங்கினனான். யூட்டுச் சில்லுக்கு நாலு, வீட்டுச் சில்லுக்கு நாலு. முன்னுக்குக் கட்டினது ஒண்டு. பத்தாவது எங்கை?”

“மலர், நேரம் முடியப்போகுது.”

“முடியட்டும்.”

இந்தக் குரலை மகேசன் கேட்டதில்லை. உரத்த குரல் இல்லை. ஆனால் அதைத் தாண்டி ஒருவரும் ஓரடி வைக்க முடியாது. அவள் இருபத்திமூன்று வருசம் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டர் நேர்ஸ். ஒரு விருந்தில் சத்திர வைத்தியர் ஒருவர் மகேசனிடம் சொன்னார்: “உங்கள் மனைவி கத்தி, பஞ்செல்லாம் எண்ணி ‘கவுண்ட் சரி’ என்று சொல்லும்வரை நான் காயத்தைத் தைக்கத் தொடங்குவதில்லை.” ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று மகேசன் அன்றைக்கு நினைத்தார். வீட்டில் உடுப்புக் கவ்விகளையும் எண்ணுகிறாளே என்று பகிடி பண்ணியவரும் அவர்தான்.

“ஆரையும் பேச மாட்டன்,” என்றாள் இராசமலர். “பிழை பிடிக்கிறதுக்குக் கேக்கேல்லை. பையிலிருந்து எடுத்தவர் எங்கை வைச்சதெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

மூர்த்தி தலையைச் சொறிந்தார். “நான்தான்க்கா, இப்பத்தான் ஞாபகம் வருது. முக்கியமான இடமாச்சேன்னு, வண்டி பின்னால வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு வச்சேன்.”

“எந்த இடம்?”

“அந்தத் தட்டு நடுவுல, வாய் மாதிரி இருக்குல்ல? மொத்த பாரமும் அங்கதான் நிக்குதுன்னு அண்ணன்தானே நேத்துப் பூரா பேசினாரு!”

மகேசன் யூட்டில் தாவி ஏறி, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தார். தாடைகளுக்கிடையில் மஞ்சள் தோல் நசிந்து கிடந்தது. கைபிடி முழுதாக உள்ளே போகவில்லை. கால்களைத் தூக்கிவிட்டு நகர்ந்திருந்தால், யூட் முன்னே போக, மூன்று தொன் வீடு மூக்கடிபட விழுந்திருக்கும்.

ஒன்றுமில்லை, சும்மா தோல்தான் என்று சொல்லிவிடலாம். சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடலாம். உண்மையைச் சொன்னால் டிக்கியில் கிடக்கிற அந்தப் பை திரும்பக் கிளென்ஃபீல்டுக்குப் போகும். பிறகு நிமிர்ந்தார்.

“பூட்டேல்லை, மலர்.”

“எவ்வளவு இடைவெளி?”

“ரண்டு விரல். இழுத்துப் பாத்திருக்க வேணும். காய் நசுங்கிப்போகுமெண்டு நான்தான் விட்டனான்.”

“ஐயோ, அக்கா…” மூர்த்தி தரையில் குந்திவிட்டார்.

“எழும்பும் தம்பி, ஒண்டும் நடக்கேல்லைத்தானே.” மகேசன் பக்கம் திரும்பினாள். “கழட்டுங்கோ, அப்பா. முதலிலயிருந்து செய்வம்.”

யூட் முன்னுக்கு வந்தது. அதன் சில்லுகளுக்கடியில் இருந்த நாலு காயும் நசுங்கின. நல்ல நேரமும் அதோடு போயிற்று. மகேசன் பழைய பல் துலக்கியால் தாடையைச் சுரண்டிச் சுரண்டித் துண்டுகளைக் கொடுத்தார். அவள் ஒரு வெள்ளைத் துவாயை விரித்து, தோல் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக்கொண்டே வந்தாள்.

“காம்புப் பக்கம் இல்லை. இன்னும் பாருங்கோ.”

பார்த்தார். இருந்தது. தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு. அதையும் வைத்ததும் துவாயில் ஒரு முழுத் தேசிக்காயின் தோல் வட்டமாக வந்தது. இத்தனை வருசமும் தன்னோடு ஒரே வீட்டில் இருந்த ஆளை மகேசன் இன்றைக்குத்தான் வேலையிடத்தில் பார்க்கிறார். ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன முழுசிறியள்? கொழுவுங்கோ.”

இந்த முறை சத்தம் வேறு. கைபிடி கடைசிவரை போயிற்று. கால் ஊன்றியபடியே இழுத்துப் பார்த்தார். தாடை முளையை விடவில்லை; வீடும் அசையவில்லை. இறங்கிவந்து கையைத் துடைத்தார்.

“மலர், நீர் இண்டைக்கு வராட்டியும் பரவாயில்லை.”

“மறைச்சிருந்தியளெண்டா நான் இப்ப வீட்டை போயிருப்பன்.” காரின் டிக்கியைத் திறந்து பையை எடுத்தாள். “இனிமேல் நான் சொன்னால்தான் வண்டி நகரும். சரியோ?”

“ஓம்.”

“அண்ணே, இது டாக்டருக்கே போடுற சட்டம்!” என்றார் மூர்த்தி.

கால்களைத் தூக்கியாயிற்று. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மகேசன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி காத்திருந்தார்.

“கவுண்ட் சரி,” என்றாள்.

யூட் நகர்ந்தது. பின்னால் வீட்டின் சில்லுகள் காய்களில் ஏறி இறங்கின. இராசமலர் சன்னலால் தலையை நீட்டிப் பார்த்தாள்.

“என்ரை பக்கம் ரண்டு. உங்கடை பக்கம்?”

மகேசன் கண்ணாடியில் பார்த்து எண்ணினார்.

“ரண்டு,” என்றார்.