லீவு எந்தப் பேரில்

"கிளினிக் அட்டையைக் காட்டினால்தான் பிள்ளைப்பேற்று லீவு. எண்பத்து நாலு நாள், முழுச் சம்பளம். திங்கக்கிழமை மறக்காமல் கொண்டு வா, நிரோஜினி" என்றா சூப்பர்வைசர் யோசப்பின்.

"ஓம் மிஸ்" என்றாள் றெஜினா.

நிரோஜினி அவளுடைய அக்காவின் பெயர். நாலு வருசத்துக்கு முந்தி நண்டுக் கம்பனிக்கு ஆள் எடுத்தபோது றெஜினாவுக்கு வயது பதினேழு. பதினெட்டு ஆகாதவர்களை எடுக்கமாட்டோம் என்றார்கள். அக்காவும் தங்கையும் ஒரே முகவெட்டு. அக்காவின் அடையாள அட்டையைக் கொடுத்து உள்ளே போனவள், கம்பனியில் இன்றைக்கும் நிரோஜினிதான். கிளினிக்கில் மட்டும் றெஜினா.

குருநகர் வீட்டுக்கு வந்து சொன்னதும், அக்கா தையல் மெசினை நிறுத்திவிட்டாள்.

"எடியே, அப்ப கம்பனிக் கடுதாசியிலை நான் ஏழு மாசமோ?"

"சத்தம் போடாதை அக்கா. வேறை கிளினிக்கிலை உன்ரை பேரிலை ஒரு அட்டை எடுத்தால்..."

"எடுத்துப் போட்டு? நாளைக்கு இளவாலைக் கோயில்லை எனக்கு ஓலை வாசிக்கினம். குருநகர் அடைக்கலநாதன் மகள் நிரோஜினிக்கும் இளவாலை எமில்ராஜுக்கும் கலியாணம், ஆட்சேபணை இருந்தால் அறிவியுங்கோ எண்டு. உன்ரை யோசப்பின் மிஸ் எந்தக் கோயில் பங்கு?"



"இளவாலை."

"மாதாவே!"

திங்கட்கிழமை கம்பனி பஸ்ஸில் முன்சீற்றில் இருந்த யோசப்பின் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. றெஜினா கையுறை போட முன்னமே அறைக்குள் கூப்பிட்டா.

"இரு. நேற்றுப் பூசையிலை உன்ரை பேர் வாசிச்சினம். தேப்பன் அடைக்கலநாதன் எண்டும் வாசிச்சினம். புருசன் உயிரோடை இருக்கேக்கை இரண்டாம் கலியாணமோ? பின்னேரம் பங்குச் சுவாமியிட்டைப் போய்ச் சொல்லப்போறன்."

வாயை மூடினால் அக்காவின் கலியாணம் போகும். திறந்தால் லீவும் வேலையும் போகும். வயிற்றில் பிள்ளை உதைத்தது. றெஜினா கிளினிக் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மிஸ், நான் றெஜினா. கலியாணம் என்ரை அக்காவுக்கு. அவவின்ரை அடையாள அட்டையிலைதான் இஞ்சை சேந்தனான்."

யோசப்பின் இரண்டுதரம் வாசித்தா.

"நாசமாப் போவாளே! அண்டைக்குப் படத்தையும் உன்ரை மூஞ்சையையும் பாத்துச் சரியெண்டு கையெழுத்து வைச்சது நானெல்லோ?"

"சுவாமியிட்டைப் போகாதேங்கோ மிஸ்."

"அங்கை ஏன் போறன்? இஞ்சையெல்லோ எரியுது!"

"அப்ப லீவு?"

"பேருக்கோ லீவு, வேலை செய்தவளுக்கோ? எனக்குத் தெரியாது பிள்ளை. மனேச்சர்தான் சொல்லவேணும். நாலு வருசமா நண்டுச் சதை எடுத்தது உந்தக் கைதான் எண்டு நான் சொல்லுவன். வேலை போனால் ரெண்டு பேருக்கும் போகட்டும். எழும்பு."

மனேச்சரின் அறைவாசலில் யோசப்பின் கையைத் தூக்கினா. பிறகு இறக்கிவிட்டா.

"நீ தட்டு."

றெஜினா தட்டினாள்.