அக்காவுக்கு வைத்த பேனர்

பெயர்தான் அமுதம், வாயைத் திறந்தால் விஷம் என்று என் முதுகுக்குப் பின்னால் தெருவே பேசுகிறது. பேசட்டும். காலையில் இட்லிக்கு என்னிடம்தானே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். எனக்கு யாரையும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. எதிர் வீட்டு இளவரசியை மட்டும் பிடிக்கும்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சின்ன வயதில் கரும்பு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. ஒற்றை அறை வாடகை வீடு. சக்கர நாற்காலி ஏறி இறங்க வாசலில் ஒரு சரிவு. உள்ளே மோட்டார் வைத்த தையல் மெஷின். காலால் மிதிக்க வேண்டிய பெடலை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தித் தைப்பாள். எங்கள் ஊர் உறுவையாறு பெண்கள் பாதிப் பேருக்கு அவள் தைத்த ஜாக்கெட்தான்.

தையல் காசு வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகப் போகும். சிறுநீர் டியூப், பை, மருந்து எல்லாம் ஊனமுற்றோர் பென்ஷனில். இரண்டில் ஒன்று நின்றாலும் அவள் தனியாக இருக்க முடியாது. திருப்பூரில் அண்ணன் கலைவேந்தன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாடிப்படிக்கு அடியில் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறார்களாம். "அங்க போனா நானும் ஒரு கட்டில்தான்க்கா. இங்க இருந்தாதான் நான் இளவரசி" என்பாள்.

தை மாதம் அவள் அக்கா ருக்குமணி செத்துப்போனாள். மஞ்சள் காமாலை. புருஷன் மணிவண்ணன் கரும்பு வைக்கிறவர், அடுத்த தெரு. பிள்ளை இல்லாத வீடு, ஒருவருக்கு ஒருவர்தான். மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அஞ்சலி பேனருக்குப் பெண்டாட்டி படம் கேட்ட தெருப் பையன்களிடம் செல்போனைக் கொடுத்துவிட்டார். அதில் இருந்தது ஒரு கல்யாணத்தில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படம். இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. பேனர் கடைக்காரன் தங்கையை வெட்டி எடுத்துப் பெரிதாகப் போட்டுவிட்டான். கீழே 'கண்ணீர் அஞ்சலி, ருக்குமணி' என்று கொட்டை எழுத்து. எங்கள் ஊர் முனையில் செத்தவள் பெயருக்கு மேல் உயிரோடு இருக்கிறவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊரே பார்த்தது. அதை இறக்க யாருக்கும் தைரியம் இல்லை. கருமாதிக்கு முன்னால் அஞ்சலி பேனரை இறக்கினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். நான் அருவாமனையைத் தூக்கிக்கொண்டு கயிற்றை அறுக்கக் கிளம்பினேன். இளவரசிதான் நாற்காலியைக் குறுக்கே விட்டு மறித்தாள்.

"வுடுக்கா. அக்காவுக்கு வெச்சது."

"அடியே, மூஞ்சி உன்னுதுடி!"

"இருந்துட்டுப் போவட்டும். மாமா தலைய குனிஞ்சிக்கினே போறாரு, இன்னும் பாக்கல. பொண்டாட்டிக்கு வெச்ச கடைசி பேனர்ல கூட தப்பு பண்ணிட்டோமேன்னு தெரிஞ்சா ஆளு ஒடஞ்சிடுவாரு. யாரும் அவரு காதுல போடக் கூடாது."

தெரு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது. என் வாயையும் சேர்த்துத்தான், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்குப் புது அங்கன்வாடி ஊழியர் வந்தாள். சுகன்யா, பாகூர் பக்கத்துப் பெண். பென்ஷன்காரர்களில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவள் வேலை. கையில் இருந்த கார்டில் இளவரசி படம், முனையில் அதே முகம். பெயர் வேறாயிற்றே என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, கார்டில் ஒன்று என்பது இங்கே சகஜம். இருந்தாலும் டீக்கடை பக்கிரியிடம் பேனரைக் காட்டி, "இவங்க எறந்துட்டாங்களாண்ணே?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் புண்ணியவான் டீ ஆற்றுகிற மும்முரத்தில் நிமிர்ந்தே பார்க்காமல், "ஆமாம்மா, கருமாதி வரப்போவுது" என்றானாம். அவன் சொன்னது ருக்குமணியை. இவள் எழுதியது இளவரசியை.

பங்குனியில் பென்ஷன் வரவில்லை. சித்திரையிலும் வரவில்லை. இளவரசியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு ஆள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க எறந்துட்டதா இருக்கும்மா" என்றார்.

"இன்னா சார் சொல்றீங்க? எதிர்ல குந்திக்கினு கீறாளே, கண்ணு தெரியலையா?" என்று நான் பாய்ந்தேன்.

"எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணும்ல?"

கெட்ட மனிதர் இல்லை, வழியும் சொன்னார். அங்கன்வாடிப் பெண் வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தாள் என்று புகார் எழுதினால் உடனே சரியாகும், அவள் வேலை போகும். இல்லையென்றால் செத்தவளின் புருஷன், பேனரில் படம் தப்பு என்று கைப்பட எழுதித் தரவேண்டும். இரண்டும் முடியாது என்றால் புதிதாக விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இளவரசி யோசிக்கக்கூட இல்லை. "புதுசாவே போடறேன் சார்" என்றாள். எனக்கு அவளை அந்த நாற்காலியோடு சேர்த்துக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

சுகன்யாவே வீட்டுக்கு வந்து அழுதாள். "எம் மேல எழுதிக் குடுத்துடுங்கக்கா. வேல போனா போவுது. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது." நானும் பேனாவை எடுத்து இளவரசி கையில் திணித்தேன். அவள் அதைக் கீழே வைத்தாள்.

"நீ பொய் சொல்லலியேம்மா. பாத்த, கேட்ட, எழுதுன. பேனர எடுக்காதீங்கன்னு சொன்னது நானு. அதுக்கு உன் சோத்துல மண்ண போடச் சொல்றியா?"

"அப்ப மணிவண்ணன்கிட்ட சொல்லி எழுதி வாங்குடி" என்றேன்.

"அந்த மனுஷன் இப்பதான் வயலுக்கே போறாரு. வேணாம்க்கா."

அப்புறம் நடந்ததெல்லாம் என் கண் முன்னால். மாற்ற வேண்டிய டியூபை மாற்றாமல் நாளைக் கடத்தினாள். மருந்தைப் பாதியாக்கினாள். குளிரும் காய்ச்சலும் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. அப்போதும் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டைத் தைத்து முடித்துவிட்டுத்தான் படுத்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டர், இன்னொரு தடவை இப்படி ஆனால் கிட்னி போய்விடும் என்றார். கலைவேந்தன் போனில் சத்தம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன், சாமானைக் கட்டி வை என்றான். வாடகை வீட்டுக்காரரும் வந்து, அடுத்த ஆளுக்கு விட அறையை அளந்து பார்த்துவிட்டுப் போனார். அவள் தையல் மெஷினை எண்ணெய் போட்டுத் துடைத்தாள். "வேற யாருக்காவது குடுத்துடுக்கா, சொம்மா கெடந்தா துருப்புடிச்சிடும்" என்றாள். குரல் நடுங்கவில்லை. இப்படி ஒருத்தி எதிர் வீட்டில் இருக்கிறாள் என்பதே எனக்கு எவ்வளவு பெருமை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போதும் என்று மறுநாள் காலை மணிவண்ணனின் கரும்புக் கொல்லைக்குப் போனேன். மடை திறந்துகொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி பென்ஷன், காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை வண்டி என்று அத்தனையும் கொட்டித் தீர்த்தேன். அவர் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு டி.வி.எஸ்ஸை எடுத்தார். நான் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது இளவரசி வீட்டுத் தரையில், நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த பேனர மொத நாளே பாத்துட்டேன்மா" என்றார்.

இளவரசி திகைத்துவிட்டாள். "பாத்துட்டு ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா உன் மூஞ்சிய எடுத்துட்டு அவ மூஞ்சிய மாட்டுவானுங்களே. அவ மூஞ்சி அங்க இருந்தா அந்த வழியா நான் எப்பிடிப் போவேன்? நீ இருந்த. அதனால போனேன், வந்தேன். ஒருத்தனும் எங்கிட்ட பேசல, நல்லதாப் போச்சுன்னு நானும் வாயத் தொறக்கல. அதுக்கு நீ உன் ஒடம்பக் குடுத்திருக்கியே, பாவி."

இளவரசி குனிந்து அவர் தோளில் கை வைத்தாள். "ஒதவிச்சா மாமா?"

"ஒதவிச்சும்மா."

"அப்ப அழுவாத. வா, ஆபீஸுக்குப் போலாம்."

கண்ணாடிக்காரர் வெள்ளைத்தாள் கொடுத்தார். இதை ஏற்றினால் அடுத்த மாதமே வந்துவிடும், நின்றுபோனதும் சேர்ந்து வரும் என்றார். திருப்பூருக்கு வண்டி வேண்டாம் என்று நான் அங்கேயே நின்று போன் போட்டுச் சொன்னேன். மணிவண்ணன் மெதுவாக எழுதினார். பேனரில் இருப்பது என் மச்சினிச்சி இளவரசி. அவர் உயிரோடு இருக்கிறார். எழுதிவிட்டு நீட்டினார்.

"யாரு செத்ததுன்னும் எழுதணும் சார்" என்றார் கண்ணாடிக்காரர், தாளைத் திருப்பிக் கொடுத்து. "இல்லன்னா கேப்பாங்க."

மணிவண்ணனின் கை தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. ருக்குமணி போனதிலிருந்து 'செத்துட்டா' என்ற வார்த்தையை அவர் வாயால் ஒருவரும் கேட்டதில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இளவரசி சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேசையை ஒட்டி வந்தாள். "மெதுவா எழுது மாமா" என்றாள். "எழுத முடியலன்னா வுட்டுடு, நான் வரிசைலயே நிக்கறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, 'இறந்தது என் மனைவி ருக்குமணி' என்று எழுதிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதார்.