இரண்டாவது கியரில் அண்ணி

அண்ணியின் கார் தெருமுனையில் திரும்பும்போதே மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் அப்படி அலறியது. ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தவன் ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, இந்த வண்டி பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்குது. என்னன்னு பாரு," என்று சாவியை நீட்டினாள் அண்ணி. "நான் வர்றது ரெண்டு தெருவுக்குக் கேக்குதுன்னு உங்க அண்ணன் வேற கிண்டல் பண்றார்."

அண்ணி நர்ஸ். எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கே போய், புண்ணுக்குக் கட்டு மாற்றி, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாளைக்குப் பத்து வீடாவது இருக்கும். அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது மெக்கானிக்குக்கு மீசை முளைத்திருக்கவில்லை. இப்போது தலை பாதி வழுக்கை. அண்ணி கூப்பிட்டால் மட்டும் எந்த வேலையையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவான்.

கியர் போடாமல் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தான். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள் எண்ணூறில் ஆடாமல் நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்து விட்டான். முள் ஏறியது, காலை எடுத்ததும் இறங்கியது. கேபிள் எங்கும் சிக்கவில்லை. காலடி விரிப்பு மடங்கிப் பெடலை அழுத்தவும் இல்லை. எங்காவது காற்றை இழுக்கிறதோ என்று குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். ஓட்டை இருந்தால் எஞ்சினின் ஓட்டம் மாறும். இது சட்டையே செய்யவில்லை.

மிச்சம் இருந்தது கிளட்ச். அது தேய்ந்துபோனால் எஞ்சின் மட்டும் தலைதெறிக்கச் சுழலும். சக்கரத்துக்கு அந்த வேகம் போய்ச் சேராது. பின்பக்க மேட்டுச் சாலையில் நாலாவது கியரில் ஏற்றி அழுத்தி மிதித்தான். வேகமும் முள்ளும் ஜோடியாகவே ஏறின. கிளட்ச் கெட்டியாக இருந்தது.

திரும்பி வந்தவன், "நீங்க ஓட்டுங்க அண்ணி. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்," என்றான்.

அண்ணி நன்றாகத்தான் ஓட்டினாள். இரண்டாவது கியர் வரை வந்தாள், அதோடு சரி. முள் மூவாயிரத்தைத் தாண்டி நாலாயிரத்தைத் தொட்டது. எஞ்சின் கதறியது. அவள் பாட்டுக்குச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கியர் மாத்துங்க அண்ணி."

பதில் இல்லை. இன்னொரு முறை சொன்னான். அப்போதும் இல்லை. சிக்னலில் நின்றதும் திரும்பி, "ஏதாவது சொன்னியா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் பார்வை அவன் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது.

பச்சை விழுந்தது. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எப்போதும் பேசும் குரலில், "அண்ணி, உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு கஞ்சனை நான் பாத்ததே இல்ல," என்றான். அண்ணனைத் திட்டும் உரிமையை அண்ணி யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. இப்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கையைக் காட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னான். எஞ்சினை அணைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தான்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. அது கத்தறது உங்களுக்குக் கேக்கல."

"யாருக்குக் கேக்கல? நாள் முழுக்கப் பத்து வீட்டுல பேசிட்டு வரேன்."

"வாயைப் பாத்துப் பேசறீங்க. இப்ப நான் அண்ணனைக் கஞ்சன்னு சொன்னேன்."

"எப்ப?"

"சிக்னல் தாண்டினதும்."

அண்ணி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா இருக்கு," என்றாள். "ஸ்டெதஸ்கோப்ல துடிப்பு சரியா விழல. பழசாயிடுச்சுன்னு புதுசு வாங்கினேன். அதுவும் சரியில்லன்னு நம்பர் காட்டற மெஷினுக்கு மாறிட்டேன். காது கேக்காத நர்ஸை எவன் தம்பி வீட்டுக்குள்ள விடுவான்?"

"வாராவாரம் உங்க கையால சாப்பிடறேன். பத்தடி தள்ளி நின்னு எந்த பேரிங் போச்சுன்னு சொல்றவன், இதைக் கண்டுபிடிக்கலயே. நான் என்னத்த மெக்கானிக்?"

கண் கலங்கியிருந்தவள் சிரித்துவிட்டாள். அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம், நானே சொல்றேன். நீ கூட இரு, போதும்."

மறுநாள் அவன் கடையைச் சாத்திவிட்டு வந்தான். மூவருமாகக் காது டாக்டரிடம் போனார்கள். உள்ளே இருக்கும் குட்டி எலும்பு ஒன்று இறுகிவிட்டது, எஞ்சின் உறுமல், இதயத் துடிப்பு மாதிரித் தாழ்ந்த சத்தங்கள்தான் முதலில் மங்கும், கருவி வைத்தால் பெரும்பாலும் கேட்கும், வேலையை விட வேண்டியதில்லை என்றார் டாக்டர். அதுவரை அண்ணியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்த அண்ணன், வெளியே வந்ததும் வாயைத் திறந்தார்.

"அப்போ ஒரு வருஷமா நான் பேசினதெல்லாம் வீணா?"

"வீணில்ல. எனக்கு நிம்மதியா இருந்துச்சு," என்றாள் அண்ணி.

கருவி பொருத்திய மூன்றாம் நாள் அண்ணி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்று, அவனைக் காரில் ஏறச் சொன்னாள். கரண்டி விழும் சத்தமும் குழாய்ச் சத்தமும் மண்டையைப் பிளக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே ஓட்டினாள். ஆனால் எஞ்சின் குரல் ஏறியபோதெல்லாம், முள்ளைப் பார்க்காமலே, கை தானாகக் கியருக்குப் போனது. இரண்டு, மூன்று, நாலு. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. மெக்கானிக் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

திடீரென்று அண்ணி வேகத்தைக் குறைத்தாள்.

"டிக் டிக்னு ஏதோ சத்தம் வருது தம்பி. பின்னாடி, இடது பக்கம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

நிறுத்தி, அவனை இறங்கிப் பார்க்கச் சொன்னாள். அவன் குனிந்து டயரைத் தடவினான். பள்ளத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கல் செருகியிருந்தது. சாவியால் நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினான்.

அண்ணி கல்லையும் பார்த்தாள், அவன் காதையும் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறு தம்பி. எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு."