கிராபைட் கை

சுவரில் என் கை இருக்கிறது, ஐந்து விரலும் உள்ளங்கையும், கருப்பாய், மினுமினுப்பாய், செருப்பைக் கழற்றக் குனிந்தபோது ஊன்றிய கை, மகள் பூமயிலின் புகுந்த வீட்டுக் கூடத்தில், அதைப் பார்த்தபடியே சம்பந்தியம்மா எனக்காக நாற்காலியில் செய்தித்தாள் விரிக்கிறார், உக்காருங்க சம்பந்தி என்கிறார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசுகிறது, குளித்துவிட்டுத்தானே வந்தேன், ஆனால் பேத்தியைப் பார்க்கும் அவசரத்தில் எண்ணெய் தேய்க்காமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன், கிராபைட் தூள் தண்ணீருக்கு மசியாது, ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பஸ்ஸில் வேர்த்ததும் வெளியே வந்துவிட்டது, கிராபைட் என்றால் அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் எழுதுவது என்று அர்த்தமாம், சிவகங்கையில் எங்கள் மில்லுக்கு வந்த பொறியாளர் சொல்கிறார், பென்சிலுக்குள்ள இருக்கிறது ஈயமே இல்லங்க, நீங்க அரைக்கிற இந்தக் கல்லுதான், தங்கம் உருக்குற மூசைக்கும் பேட்டரிக்கும் இதுதான், எனக்குச் சிரிப்பு வருகிறது, இறுகிய பூட்டுக்குள் ஒரு சிட்டிகை போட்டால் திறக்கும், நான் கண்ட பயன் அவ்வளவுதான், வீட்டில் சொன்னால் பூமயில் பென்சிலைக் கடித்துக்கொண்டே, அப்ப நான் எழுதுறதெல்லாம் ஒங்க மில்லுலருந்து வந்ததாப்பா என்று கண்ணை விரிக்கிறாள், இல்லை, அது எப்போதோ, இப்போது காபியோடு வந்து நிற்கிறாள், எங்கப்பாவுக்கு ஆபீஸ் வேலை என்று இந்த வீட்டில் சொல்லிவைத்திருப்பவள், இங்கே வரும்போதெல்லாம் நான் முழுக்கைச் சட்டை போடுவது அதற்காகத்தான்.

சம்பந்தியம்மா ஈரத்துணியோடு சுவரிடம் போகிறார், நான் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொள்கிறேன், தண்ணி வேணாம்த்தே, இழுவிரும், என்று பூமயில்தான் கத்துகிறாள், காஞ்ச துணியில ஒத்தி எடுத்துட்டு ரப்பர் போடணும், பேத்தியின் பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுக்கிறாள், ஒனக்கு எப்படித் தெரியும் என்கிறார் அவர், அவள் திரும்பாமல், விரல் விரலாக அழித்துக்கொண்டே, எங்க வீட்டுச் செவுரெல்லாம் நாந்தானே அழிப்பேன், அப்பா மில்லுல கல்லு அரைக்கிறாங்கத்தே, என்றாள், எனக்குத் தரையைத்தான் பார்க்க முடிந்தது, வெட்கம் என் கையை நினைத்தா, பெற்ற பிள்ளை இத்தனை காலம் எனக்காகப் பொய்யைச் சுமந்ததை நினைத்தா, தெரியவில்லை, நிமிர்ந்தபோது கரியெல்லாம் போயிருந்தது, ஆனால் ரப்பர் சுவரின் பழைய அழுக்கையும் சேர்த்துத் தின்றுவிட்டது, சுற்றிலும் மங்கிக் கிடந்த அந்தச் சுவரில் என் கை, ஐந்து விரலும் உள்ளங்கையும், வெள்ளைவெளேரென்று இருந்தது.