ஆலந்தலைக் கிழக்கு

என் கணவர் ஜெரால்டு கடலோடு போய் ஐந்து வருடம் ஆகிறது. அன்று வானொலி சொன்னது மாவட்டக் கரை முழுவதற்குமான காற்று. எங்கள் ஊர் பெரியதாழைக்கு நேரே அடித்த காற்று வேறு. அதில் யார் மேலும் எனக்குக் கோபமில்லை. எங்கள் காற்றை எங்கள் கரையிலேயே அளக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நாசரேத்தில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறேன். அங்கே கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் லினக்ஸ் ஏற்றினேன். காற்றையும் மழையையும் அளக்கும் கருவி மீன் ஏலக்கூடத்துக் கூரைக்குப் போனது. அது அனுப்பும் எண்களை வாங்கித் திரையில் ஒரு பக்கமாகக் காட்டும் மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம்.

மீனவர் சங்கத் தலைவர் செபாஸ்டின் மாமா ஜெரால்டின் தாய்மாமன். கூடத்தில் இடம் கொடுத்தவர், கெடுவும் வைத்தார்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு கூட்டம். பொட்டி சொல்லுதது சரியா இருந்தா இருக்கட்டும். இல்லன்னா கழத்திருவோம். தப்பாச் சொல்லுதத நம்பி இன்னொருத்தன் போயிரக் கூடாதுளா."

சரியென்று வேலையில் இறங்கினேன்.

மென்பொருளை நிறுவிய அன்று திரையில் ஒன்றுமே வரவில்லை. கருவியைப் படிக்க அனுமதி இல்லை என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. பிழைப் பதிவை முதலிலிருந்து படித்து, அனுமதி தரும் கோப்பில் ஒரு வரி சேர்த்து மறுபடி தொடங்கினேன். வெப்பம் வந்தது. அழுத்தம் வந்தது. காற்றின் வேகமும் வந்தது. யாருமில்லாத கூடத்தில் நான் கைதட்டிக்கொண்டேன்.

கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, கரைக்கு வந்த ஆன்றோ திரையில் காற்றின் அம்புக்குறியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். முன்பு அவனும் ஜெரால்டும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்தவர்கள்.

"மைனி, வெளிய கச்சான் பல்லப் பேத்தெடுக்குது. ஒம்ம பொட்டி சோழகம்னு சொல்லுது. காத்து எங்கேருந்து வருதுன்னு கேட்டா, கண்ணு தெரியாத எங்க அம்மையே சொல்லுவா!"

மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். அதைக் குழப்பிக்கொண்டு யாரும் இங்கே கடலுக்குப் போக முடியாது. அவனோடு நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

ஏணி போட்டுக் கூரைக்கு ஏறினேன். சூரியன் மணப்பாட்டுப் பக்கமிருந்து கரையோரமாக மேலே வந்துகொண்டிருந்தது. கருவியில் 'கிழக்கு' என்று குறித்திருந்த பக்கமோ நேரே கடலைப் பார்த்து நின்றது. அப்போதுதான் புரிந்தது. அதைக் கம்பத்தில் பொருத்தியவர் வெல்டர் ஞானையா அண்ணாச்சி, ஆலந்தலைக்காரர். அங்கே கடல் கிழக்கே. எங்கள் ஊரில் கரை வளைந்து, கடல் ஏறக்குறைய தெற்கே விழுகிறது.

அவருக்குப் போன் பண்ணினேன்.

"அண்ணாச்சி, கிழக்க எத வச்சுப் பாத்தீய?"

"இதென்ன கேள்வி? கடல வச்சுத்தான்."

"இங்கன கடலு கிழக்க இல்லியே."

"கடலு கிழக்க இல்லாத ஊருல எப்படிளா குடியிருக்கீய?" என்றார். "நான் நல்லா வெல்டிங் வச்சுல்லா வுட்டிருக்கேன். அத அசைக்க முடியாதே."

அசைக்கத் தேவையிருக்கவில்லை. திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். அறுபத்தைந்து பாகை விலகியிருந்தது. கீழே வந்து மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். வரும் திசையோடு அறுபத்தைந்தைக் கூட்டு, முந்நூற்று அறுபதைத் தாண்டினால் அந்த முந்நூற்று அறுபதைக் கழித்துவிடு. ஒரே ஒரு வரிதான். சேமித்து மறுபடி தொடங்கினேன். இருநூற்று ஐந்து என்று நின்ற எண் இருநூற்று எழுபது ஆனது. சரியான மேற்கு.

கோப்பு திறந்திருந்ததால் இன்னொன்றும் செய்தேன். திசைகளுக்கு அதில் இருந்த ஆங்கில எழுத்துகளை அழித்து, எனக்குத் தெரிந்த நான்கு காற்றுகளின் பெயரைத் தமிழில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் செபாஸ்டின் மாமா முதலில் வாசலுக்குப் போய்க் கண்ணை மூடி நின்றார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு உள்ளே வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை வாசித்தார்.

"கச்சான். முப்பத்தெட்டு கிலோமீட்டர்." கூட்டத்தைப் பார்த்தார். "ஏலே, பொட்டி தமிழ்ல பேசுதுலே!"

ஏலம் கூறும் மைக்கை எடுத்து, கரை முழுக்கக் கேட்கும்படி அதையே இன்னொரு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "வேற எடம் பாக்காண்டாம். கூரை ஒனக்குத்தான்" என்றார்.

"மைனி, மொத்தம் எத்தன தெச இருக்கு அதுல?" என்று ஆன்றோ கேட்டான்.

"பதினாறு. நாலுக்குத்தான் பேரு போட்டிருக்கேன்."

"நாலா! மிச்சத்துக்கு நாங்க சொல்லுதோம், எழுதும்."

நாற்காலிகள் என்னைச் சுற்றி நெருங்கின. தென்மேற்குக்குச் சோழகக்கச்சானா, கச்சான்சோழகமா என்று தொடங்கிய சண்டை பன்னிரண்டு மணிக்கும் ஓயவில்லை. வீட்டில் கறி ஆறிக்கொண்டிருக்கிறது என்று பெண்கள் வாசலில் வந்து கத்தினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.