மருந்து புடிச்சிருக்கு

கொஞ்ச நாளாகவே குமுதா விளக்கைப் போடாமல்தான் குளித்துக்கொண்டிருந்தாள். கேமரன் மலைக் குளிரில் விடிகாலையில் குளிப்பதே பெரும்பாடு. அதையும் இருட்டில், சுவரைத் தடவிக்கொண்டு, எது சுடுதண்ணீர் வாளி எது பச்சைத்தண்ணீர் வாளி என்று விரலை விட்டுப் பார்த்துக் குளிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "கரண்டு மிச்சம்தானே" என்று சிரித்து மழுப்புவாள். உண்மையில், தன் வயிறு தன் கண்ணிலேயே பட்டுவிடக் கூடாது என்றுதான் இத்தனை பாடும்.

ஐந்து மாதத்துக்கு முன் ஹரிதாஸைப் பெற்ற வயிறு அது. தலைப்பிள்ளை. கடைசி இரண்டு மாதத்தில் தோல் இழுபட்டு, தொப்புளைச் சுற்றியும் இடுப்பின் இரு பக்கமும் மார்பிலும் செந்நிறத்தில் வரி வரியாகத் தழும்பு விழுந்துவிட்டது. பிள்ளை சுமந்த உடம்பில் விழாமல் வேறு எங்கே விழும்? ஆனால் இந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்க அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. கேலி பேச மட்டும் வந்தது.

மாரியம்மன் கோயில் திருவிழாவில்தான் அது ஆரம்பித்தது. சேலை கட்டி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவளை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுத் திலகா மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாடி குமுதா, இடுப்ப பூன பிறாண்டிடுச்சா? இழுத்து மூடிக்கலா. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள். சிரிப்பதற்கு முன் ஒவ்வொருத்தியும் தன் முந்தானையை இழுத்துத் தன் இடுப்பை மூடிக்கொண்டாள் பாருங்கள், அங்கேதான் வயிற்றைக் குமட்டுகிறது. தூ, இதெல்லாம் ஒரு சிரிப்பா!

வீட்டுக்கு வந்தால் புருஷனாவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். லோகேஸ்வரன் தோட்டத்தில் களை மருந்து அடிக்கும் ஆட்களுக்குத் தலைவன். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், வேலையில் கெட்டி. சேலையை மாற்றிக்கொண்டே திலகா சொன்னதை அவனிடம் சொன்னாள். அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி அவள் வயிற்றை ஒரு தடவை பார்த்தான்.

"சீ, மூடு அத. அருவருப்பா இருக்கு."

சொல்லிவிட்டு மறுபடி கைப்பேசிக்குள் போய்விட்டான். அவன் பிள்ளையைச் சுமந்த வயிறு. நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டு, சாப்பாடு ஆச்சா என்றும் கேட்டான். மறுநாளிலிருந்து அவள் குளியலறை விளக்கைத் தொடவில்லை.

அடுத்த வாரமே திலகா வாசலில் வந்து நின்றாள். கையில் சின்ன வெள்ளை டப்பா.

"அன்னிக்கி ஏதோ வெளாட்டுக்குச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத. வரிக்கு மருந்து கொண்டாந்திருக்கேன். வெளியூரு சரக்கு. காலையில ஒரு தடவ, படுக்கப்போறப்ப ஒரு தடவ. வயிறு, இடுப்பு, மாரு, எங்கெல்லாம் வரி இருக்கோ அங்கெல்லாம் நல்லா தேய்ச்சுக்க."

ஊர் கூடிய இடத்தில் மானத்தை வாங்கியதும் அவள்தான், வீடு தேடி மருந்து விற்க வந்ததும் அவள்தான். இந்தச் சாமர்த்தியத்துக்கு என்ன பெயர் வைப்பது? குமுதாவுக்கு அதை யோசிக்கத் தோன்றவில்லை. "அருவருப்பு" என்ற ஒரே சொல்தான் அவள் காதில் நின்றது. டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

முதலில் வரி விழுந்த இடத்தில் இருந்த அரிப்பு அடங்கியது. சிவப்பும் மங்கியது போல இருந்தது. சந்தோஷத்தில் அள்ளி அள்ளித் தேய்த்தாள். சில வாரத்தில் வயிற்றுத் தோல் மினுமினுவென்று மெல்லிசாகி, உள்ளே ஓடும் நரம்பு தெரியத் தொடங்கியது. பிறகு எரிச்சல். அங்கங்கே கன்றிச் சிவந்து, துணி பட்டாலே சுரீர் என்றது. பயந்துபோய்ப் புருஷனிடம் காட்டினாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு லோகேஸ்வரன் அவள் வயிற்றைக் குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"மருந்து புடிச்சிருக்கு!" என்றான்.

"எரியுதுங்க."

"எரியும்லா. களைக்கு மருந்து அடிச்சா என்னா ஆவுது? மொதல்ல மஞ்சளாவுது, அப்புறம் கரியுது, அப்புறந்தானே சாவுது? கரிஞ்சாத்தான் மருந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம். நடுவுல விட்டியோ, மறுபடி மொளச்சிடும்."

கேளுங்கள் இந்த நியாயத்தை! தோட்டத்தில் புல்லைக் கொல்வதும் மருந்து, உடம்பைக் காப்பதும் மருந்து. ஒரே சொல்லாகிப்போனதில் பெண்டாட்டியின் தோலும் இவனுக்குப் புல்லாகத் தெரிந்தது. அவளும் நம்பினாள். முகம் சுளிக்காமல் அவன் பார்த்தானே, அதுவே போதும் என்றிருந்தது அவளுக்கு. திலகா சும்மா இருப்பாளா? "குமுதாவுக்கு மருந்து புடிச்சிருச்சு" என்று வாட்ஸாப்பில் போட்டு இன்னும் பத்து வீட்டில் விற்றாள்.

இதற்குள் ஹரிதாஸின் கன்னம் உப்பத் தொடங்கியது. "கொழுகொழுன்னு எப்படி இருக்கான் பாரு" என்று லயமே கொஞ்சியது. பால் குடிக்கும்போது தாயின் மார்பில் அழுந்துகிற கன்னம் அது. நாளாக ஆக அந்தக் கன்னத்தில் பளபளப்பு ஏறியது, பிறகு சிவப்பு ஏறியது. ஒரு காலையில் பிள்ளை மார்பில் வாய் வைக்காமல் தலையைத் திருப்பித் திருப்பி வீரிட்டு அழுதான். கன்னத்தில் தோல் உரிந்திருந்தது. குமுதா அவனை அள்ளிக்கொண்டு ரிங்லெட் டவுன் கிளினிக்குக்குப் பஸ் ஏறினாள்.

கிளினிக்கில் அமாலினா மிஸ்ஸிதான் முதலில் பார்த்தாள். ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நசுருதீனின் மகள், அங்கே நர்ஸ்.

"புள்ள மூஞ்சியில என்னா போட்டீங்க?"

"புள்ளைக்கு ஒண்ணும் போடல மிஸ்ஸி. நான்தான் என் வயித்துல, மாருல வரிக்கு மருந்து போடறேன்."

"என்னா மருந்து? பேரு என்னா?"

குமுதா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அமாலினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. அடியிலும் ஒன்றும் இல்லை. செய்தவர் பெயர் கிடையாது, தேதி கிடையாது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து கிடையாது. மூடியைத் திறந்து முகர்ந்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் வந்து பிள்ளையையும் தாயையும் பார்த்தார். அவர் மலாயில் சொன்னதை அமாலினா தமிழில் சொன்னாள்.

"இதுல கடுமையான ஸ்டீராய்டு இருக்கும்னு டாக்டர் சந்தேகப்படறாரு. டெஸ்டுக்கு அனுப்புறோம். அத டாக்டர் சொல்லாம நாள்கணக்கா தேய்ச்சா தோலு மெலிஞ்சு போயிரும்கா. புதுசா வரியும் விழும். இங்க பாருங்க, இந்த ஊதாக் கோடெல்லாம் பிரசவத்துல வந்தது இல்ல, இந்த டப்பாவால வந்தது."

"புல்லு கரியிற மாதிரி, எரிஞ்சா மருந்து புடிச்சிருக்குன்னு எங்க வீட்டுல சொன்னாங்களே மிஸ்ஸி?"

"புல்லா அக்கா நீங்க?" அமாலினாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "எரிஞ்சா தோலு வேணாம்னு கத்துதுன்னு அர்த்தம். பால் குடிக்கிறப்ப புள்ள கன்னத்துலயும் வாயிலயும் இது போயிருக்கு. கொழுகொழுன்னு இருக்கிறது சதை இல்லாம இருக்கலாம், மருந்து ஏறின வீக்கமா இருக்கலாம். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்கணும்."

குமுதா பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். கடிதம் எழுதி வண்டி ஏற்பாடாகும் வரை அமாலினா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அழாதீங்க, சீக்கிரம் வந்துட்டீங்க. இந்த வரி ஒரு நோயே இல்லக்கா. தோலு வேகமா இழுபட்டா விழுற தழும்பு. சில பேரு உடம்புவாகுக்குக் கட்டாயம் விழும். மாசமா இருக்கிறப்ப எடை சடார்னு ஏறாம பாத்துக்கலாம், அரிப்புக்கு வாசனை இல்லாத க்ரீமோ எண்ணெயோ தடவலாம். ஆனா வரவே வராம தடுக்கிற மருந்தும் இல்ல, வந்தத முழுசா அழிக்கிற மருந்தும் இல்ல. போகப் போக அதுவே வெளுத்து மங்கிடும். அப்பவும் மனசு கேக்கலனா தோல் டாக்டருகிட்ட போங்க. பால் குடுக்கிறத மறக்காம சொல்லுங்க."

ரத்தம் எடுத்து, அன்று மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தபோது குமுதா நேராகத் தன் வீட்டுக்குப் போகவில்லை. திலகா வீட்டுப் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெயிண்டு வாளி ஒன்று நிறைய அந்த வெள்ளைக் களிம்பு. குழம்புக் கரண்டியால் திலகா அதை அள்ளி அள்ளிச் சின்ன டப்பாக்களில் திணித்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்து மறுபடி உள்ளே போட்டாள். களிம்பில் ஒட்டியிருந்த நீள முடியை உருவி எறிந்துவிட்டு, கையை நைட்டியில் துடைத்தாள்.

குமுதா பிள்ளையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "உங்க மருந்து எப்படிப் புடிச்சிருக்கு, பாருங்கக்கா."

திலகா ஒரு கணம் திகைத்தாள். உடனே சுதாரித்துக்கொண்டாள். "எனக்கு என்னாலா தெரியும்? நான் வாங்கி விக்கிறவதானே. வேற யாருக்கும் ஒண்ணும் ஆவலியே."

"நீங்க போடறீங்களா?"

"ஐயோ, எனக்கெல்லாம் ஒத்துக்காதுமா. எனக்குத் தோலு ரொம்ப மெல்லிசு."

இந்தக் கை அள்ளித் திணித்ததையா பூசினோம், இந்த வாய்க்கா பயந்தோம் என்று குமுதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "உங்க பேரு, வீடு எல்லாம் கிளினிக்ல குடுத்துட்டேன். வந்து கேப்பாங்க, அப்ப சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் லோகேஸ்வரன் வேலை முடிந்து வந்தான். களை மருந்து பட்ட சட்டையோடு வீட்டுக்குள் நுழைய மாட்டான், அதில் கண்டிப்பானவன். பின்பக்கக் குழாயடியில் சட்டையைக் கழற்றிக் குனிந்து கழுவினான். அவன் முதுகின் கீழ்ப்பாதியில் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துவரும் கோடுகள்தான். சத்தமில்லாமல் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள். அவன் உள்ளே வந்ததும் அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சீ! இன்னும் போவலியா?" என்றான் அவன். "முன்னைக்கு இப்ப இன்னும் கேவலமா இருக்கு. நீ ஒழுங்கா போடறதில்ல."

"நல்லா பாருங்க. அது உங்க முதுகு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. படத்தை மறுபடி பார்த்தான், கையை முதுகுக்குக் கொண்டுபோய்த் தடவினான்.

"வயசுப் பையனா இருக்கிறப்ப சடசடன்னு வளந்திருப்பீங்க, அப்ப விழுந்தது. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு நாளாச்சும் சீன்னு சொல்லியிருக்கேனா?"

அவள் பிள்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். உரிந்த கன்னத்தை அவன் குனிந்து பார்த்தான். கிளினிக்கில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"காலையில பெரட்டுல பேரு கூப்பிடறப்ப ஆளுங்கள நிக்க வச்சு, லேபிள் இல்லாத போத்தல தொடாதேன்னு கத்துவீங்கள்ல? புல்லுக்கு அடிக்கிறதுக்கு லேபிள் பாத்தீங்க. புள்ள பெத்தவ வயித்துக்குப் பாக்கல. உங்க ஒரு 'சீ'க்குப் பயந்துதான நான் இத அள்ளிப் பூசுனேன்?"

லோகேஸ்வரன் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதான். அழட்டும். அவன் கண் திறக்க, பால் குடிக்கும் பிள்ளையின் கன்னம் கரிய வேண்டியிருந்ததே, அந்த வெறுப்பு குமுதாவுக்கு லேசில் போகவில்லை. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்த பிறகுதான் ஹரிதாஸின் முகம் தேறியது. அவள் வயிற்றில் புதிதாக விழுந்த ஊதா வரிகள் தேறவில்லை. ஆனாலும் விளக்கைப் போட்டுக் குளித்தாள்.

பிறகு ஒரு காலைப் பெரட்டில், மருந்து அடிக்கும் ஆட்களெல்லாம் வரிசையாக நிற்க, லோகேஸ்வரன் அந்தக் குளிரில் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். கொல்லென்று சிரிப்பு எழுந்தது.

"சிரிங்கடா. இதே வரி என் பொண்டாட்டி வயித்துல இருந்தப்ப அருவருப்புன்னு சொன்னவன் நான். அந்தச் சொல்லுக்குப் பயந்து அவ பேரு இல்லாத மருந்தப் பூசி, எம்புள்ள தோலு உரிஞ்சுச்சு." அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான். "வீட்டுல பேரு இல்லாத டப்பா இருந்தா, இன்னிக்கே கிளினிக்ல கொண்டுபோய்க் காட்டுங்க. ஒண்ணு கேட்டுக்குங்க. வரி ஒரு அருவருப்பும் இல்லடா. பெத்தவளப் பாத்து சீன்னு சொல்ற வாய்தான் அருவருப்பு."