கண் திறந்த ஜெபம்

எனக்கு ஊழியம் செய்ய வராது. இதை யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, சபையே சொல்லாமல் சொல்லிவிட்டது. பாடகர் குழுவில் சேர்ந்தேன். கீபோர்டு வாசிப்பவர் பாதிப் பாட்டில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஞாயிறு பள்ளிக்குப் போனேன். நான் போட்ட அதட்டலில் ஒரு குழந்தை அழ, அதைப் பார்த்து வகுப்பே அழுதது. நோயாளிகளைப் பார்க்கப் போகிற குழுவில் போட்டார்கள். "இவ்வளவு சர்க்கரையை வெச்சுக்கிட்டு இனிப்பு தின்னா கால் போகாம என்ன பண்ணும்?" என்று கட்டிலில் கிடந்தவரையே கேட்டுவிட்டேன். அதோடு சரி.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்க "பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்திக் கத்தி வாய் இப்படி ஆகிவிட்டது. சபையில் எனக்கு ஹாரன் அக்கா என்றே பெயர். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் பாஸ்டர், "அவரவருக்கு ஆண்டவர் ஒரு வேலை வெச்சிருக்காரு" என்று பிரசங்கம் செய்யும்போதெல்லாம் நெஞ்சுக்குள் சுருக்கென்று இருக்கும்.

எங்கள் சபையில் டீச்சரம்மா என்று ஒருவர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டுக்காரரைச் சார் என்போம். சாருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். கண்ணும் மங்கிவிட்டதால் அவரால் ஓட்ட முடியாது. அவர்கள் இருக்கிற மூலைக்கு அந்த நேரத்தில் எந்த டாக்ஸிக்காரனும் வரமாட்டான். அதனால் சபையில் முறை போட்டுக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவானது. பெயர் கொடுக்க ஆள் முண்டியடித்தது.

கொஞ்ச நாள்தான். ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்கு மாமியார் வருகை. எல்லோரும் வாட்ஸப்பில் "ஜெபிக்கிறோம்" என்று போட்டுக் கும்பிடுகிற கையை அனுப்பினார்கள். ஒரு நாள் யாருமே வரவில்லை. மறுநாள் சாருக்கு மூச்சு முட்டி அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். பிழைத்தது ஆண்டவர் செயல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உறை போட்டு மூடிய கார் நின்றது.

"டீச்சரம்மா, இது ஓடுமா?"

"ஓடும். ஓட்டத்தான் ஆள் இல்ல."

"நீங்க ஓட்டுங்க. நான் கத்துத் தரேன். லைசென்ஸ் வர்ற வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஐயோ, நானா? இந்த வயசுலயா? எனக்குச் சைக்கிளே வராதும்மா!"

"சார் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். டீச்சரம்மா உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

கற்றுக்கொடுத்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பின்சீட்டில் சார் வேறு. இல்லாத பிரேக்கை அவரும் காலால் அழுத்திக்கொண்டே வருவார். டீச்சரம்மாவுக்குக் கிளட்சும் கியரும் பிடிபட்டுவிட்டன. ஆனால் பயம் வந்தால் ஜெபம் செய்வார். ஜெபம் செய்தால் கண்ணை மூடிக்கொள்வார். நாற்சந்திக்கு நடுவில், "கர்த்தாவே" என்று கண்ணை மூடுகிறவரை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"கண்ணைத் தொறங்க!"

"தானா மூடிக்குதும்மா. பழக்கதோஷம்."

தேர்விலும் அதுதான் நடந்தது. பச்சை விளக்கு விழுந்தது, இவர் கண் மூடிவிட்டது, பின்னால் அத்தனை வண்டியும் அலறியது. அதிகாரி, பின்சீட்டில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னங்க, இந்தம்மா தூங்குறாங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

டீச்சரம்மா கார் அருகிலேயே நின்று அழுதார். "தினமும் முழிச்சதும் அவரு மூச்சு விடறாரான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கிறேன். உனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா அவரு கதி என்ன? எனக்கு இது வராதும்மா, விட்டுடு."

கத்த வாயைத் திறந்தேன். அழுகிறவரைப் பார்த்ததும் கத்த வரவில்லை. ஆண்டவரே, இந்த அம்மாவை நான் என்ன செய்யட்டும் என்று உள்ளுக்குள் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் ஒன்று தோன்றியது.

"ஜெபத்தை நிறுத்தாதீங்க. ஆனா கண்ணுல படறதுக்கெல்லாம் ஜெபம் பண்ணுங்க. வாய்விட்டுச் சொல்லுங்க. பாத்தாத்தானே சொல்ல முடியும்?"

மறுநாள் டீச்சரம்மா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆண்டவரே, முன்னால ஒரு சைக்கிள்காரர் போறாரு, அவரைக் காப்பாத்தும். பின்னால லாரி வருது, அதுகிட்டருந்து எங்களைக் காப்பாத்தும். அந்தப் பொண்ணு போனைப் பாத்துக்கிட்டே ரோட்டைக் கடக்குது, அதுக்குப் புத்தியைக் குடும். மஞ்சள் விழுந்துடுச்சு, நிறுத்துறேன், ஸ்தோத்திரம்."

வண்டி கோட்டில் நின்றது. அடேயப்பா! நான் என் பிரேக்கைத் தொடவே இல்லை. பின்னாலிருந்து சார், "ஆமென்" என்றார். நானும் சொன்னேன். அதன் பிறகு தினமும் அப்படித்தான். தெருவில் ஒரு நாய் மிச்சமில்லை, அத்தனைக்கும் ஜெபம்.

இரண்டாவது தேர்வுக்கும் அதே அதிகாரி. இந்த முறை நான் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து இறங்கியவர் என்னிடம், "நல்லாத்தான் ஓட்டினாங்க. வழி நெடுக, பக்கத்துல இருக்கிற இந்தத் தம்பிக்கு நல்ல மனசைக் குடும்னு வேற ஜெபிச்சாங்க" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரம்மா என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் மூச்சு நின்று வந்தது. அப்பாடா என்று அன்று இரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

முதல் முறையாக அவர்கள் இருவரும் தனியே போன நாள் வந்தது. "நீ வர வேண்டாம்" என்று டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வழக்கமாகத் திரும்புகிற நேரம் தாண்டியது. போன் செய்தேன், எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். அப்போது என்னிடம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு, நானே வண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் பறந்தேன். ஏதாவது ஆகியிருந்தால் அது என்னால்தான், நான்தானே சாவியை எடுக்க வைத்தேன்? கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்து நின்றேன்.

கார் நிதானமாகத் திரும்பி வந்து நின்றது. பின்சீட்டில் சார் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சரம்மா உதடு அசைய, ஏதோ சொல்லிக்கொண்டே என்ஜினை அணைத்தார்.

"எங்க போனீங்க? போனை எடுத்தா என்ன? எனக்கு உசுரே போயிடுச்சு!"

"வண்டி ஓட்டுறப்ப போன் எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றார். "அவரு பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணும்மா. ஊசி குத்தின கையோட ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகுதாம். இறக்கி விட்டுட்டு வந்தேன். இனிமே போக வர நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். அவ தங்கச்சிக்கும் ஓட்டக் கத்துக்கணும்னு ஆசையாம், உன் நம்பரைக் குடுத்திருக்கேன்."

"என்னைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ரொம்பக் கத்துவா, ஆனா நடுரோட்டுல விட்டுட்டுப் போக மாட்டான்னு சொன்னேன்."

கேட்டைப் பிடித்தபடியே விசும்பி விசும்பி அழுதேன். சத்தத்தில் சார் விழித்துக்கொண்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல சார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரை இறக்கக் கதவைத் திறந்தேன்.